என் மனைவி கண்டுபிடித்த குட்டை

அந்தப் படத்தை அவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தாள். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சிரம்பான் பஸ் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு நான்தான் மோட்டர் சைக்கிளில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் அந்தச் சுருள் என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் மகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "இரு, இரு, கசங்கிரும்" என்று அவள் முதலில் சுருளைத்தான் உயரே தூக்கினாள். பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள். அப்போதே எனக்கு அந்தச் சுருளைப் பிடிக்காமல் போய்விட்டது.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, அதை விரித்தாள். நாலு மூலையிலும் பால் டின்களை வைத்தாள். வழவழவென்று பெரிய போட்டோக் காகிதம். முழுக்கச் சிவப்பு. அங்கங்கே வெள்ளையும் கொஞ்சம் நீலமும். இறைச்சிக் கடையில் தொங்குவது மாதிரி இருந்தது எனக்கு.

"இது என்னா?"

"நம்ம தோட்டம்லா. நல்லா பாருங்க."

"செவப்பா இருக்கு?"

"மரம் செடியெல்லாம் இதுல செவப்பாத்தான் தெரியும். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்குங்க. எல அத அப்படியே திருப்பி அனுப்பிரும். துணைக்கோளம், அதான் வானத்துல சுத்துற சேட்டலைட், மேலேருந்து அத புடிக்குது. நம்ம பாக்கணுமேன்னு அதுக்குச் செவப்பு கலர் குடுத்திருக்காங்க. தண்ணி அந்த வெளிச்சத்த விழுங்கிரும். அதான் தண்ணி உள்ள எடமெல்லாம் கறுப்பு."

அவள் விரல் படத்தின் மேல் போனது. இது லிங்கி ஆறு, இது சிரம்பான் டவுன், இது செண்டாயான் பக்கம், இது நம் தோட்டம். அவள் உள்ளங்கை அளவுதான் எங்கள் தோட்டம். நான் நாளெல்லாம் மோட்டரில் சுற்றி வரும் இடத்தை அவள் கையால் மூடினாள், எடுத்தாள்.

"மேகம் இல்லாத படம் கெடைக்கிறதே கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. ரப்பர் மரம் எல கொட்டுற மாசத்துலதான் வானம் கொஞ்சம் தெளியுமாம். டாக்டர் சொன்னாரு, இத வச்சு ஒரு சின்னக் குட்டையக்கூட கண்டுபுடிச்சிரலாம்னு."

நான் அவள் சொன்ன விஷயத்தைக் கேட்கவில்லை. எத்தனை முறை டாக்டர் வருகிறார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. இங்கிலாந்தில் தண்ணீரைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். சிலோன் தமிழர், சிரம்பான் பக்கத்து ராசாவில் அவர் குடும்பத்துக்குப் பழைய வீடு ஒன்று இருந்தது. தாத்தா ரயில்வேயில் கிராணி, அப்பா அரசாங்கத்தில் கிராணி என்று அவளே சொல்லியிருக்கிறாள். நானும் கிராணிதான், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

எனக்கு இருந்த எரிச்சல் அவர் மேல் மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளும் நானும் ஒரே வயது. அவள் பக்கத்துத் தோட்டம். ஒரே பஸ்ஸில் ஏறித்தான் சிரம்பானுக்குப் படிக்கப் போனோம். வகுப்பில் எனக்குத்தான் முதல் இடம், அவளுக்கு அடுத்தது. அதிலும் புவியியல் என்றால் நான்தான். மலாயா தீபகற்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நான் வரைந்த ஆறுகளின் படத்தை வாத்தியார் சுவரில் ஒட்டி வைத்தார். அதைப் பார்த்து எழுதிக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி.

பள்ளியில் ஐந்தாம் படிவப் படிப்பு முடிந்த வருஷம் அப்பா ரப்பர்ப் பால் வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் இனி பாலுக்கு மரம் வெட்டப் போக முடியாது என்று ஆனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்தார். தோட்டமே என்னைப் பெரிய ஆளாகப் பார்த்தது. அதே வருஷம் அவள் ஆறாம் படிவத்துக்குப் போனாள். பிறகு யுனிவர்சிட்டி. அங்கே புவியியல்தான் எடுத்தாள்.

கல்யாணம் நாங்களாகப் பேசி, பிறகு வீட்டில் பேசியது. அவள் யுனிவர்சிட்டி முடித்தவள், தோட்டத்துக் கிராணியைக் கட்டிக்கொள்கிறாளே என்று அவள் பக்கத்தில் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன்.

முதலில் சிரம்பானில் ஒரு பள்ளியில் படித்துக்கொடுத்தாள். மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு கோலாலம்பூரில் இந்த வேலை வந்தது. திங்கட்கிழமை விடிகாலையில் போவாள், சனிக்கிழமை வருவாள். அங்கே இரண்டு டீச்சர்களோடு ஓர் அறையில் தங்கினாள். மகளைப் பகலில் பக்கத்து வீட்டு டிரஸ்ஸர் சம்சாரம் பார்த்துக்கொண்டார். டிரஸ்ஸர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவர் சம்சாரம் எல்லார் வீட்டுச் சேதியும் வைத்திருப்பவர்.

"தம்பி, பொம்பளைய ஒத்தையில டவுனுக்கு அனுப்பிட்டு நீங்க இங்க கஞ்சி வைக்கிறீங்களே, மனசுக்கு ஒண்ணும் செய்யலியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"என்னாக்கா செய்யப்போவுது" என்றேன். செய்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. மரங்கள் இலை கொட்டி, திரும்பத் துளிர்த்தும் மழை வரவில்லை. அம்பாங்கானில், ராசாவில் எல்லாம் குழாயில் காற்றுதான் வந்தது. லோரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் மலைத் தண்ணீர்த் தொட்டி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பெண்கள் பால் வேலை முடிந்து வந்து வாளியோடு வரிசையில் நின்றார்கள். அவள் ஆபீஸுக்கும் அவசரம் வந்தது. துணைக்கோளப் படத்தில் கறுப்பாகத் தெரியும் சின்னச் சின்ன நீர்நிலைகளை எல்லாம் குறித்து, நேரில் போய்ப் பார்த்து, உதவுமா என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தை அவளுக்கே கொடுத்தார்கள்.

"புதன்கெழம வரோம். மேனேஜர்கிட்ட நீங்களே பெர்மிஷன் கேட்டு வச்சிருங்க. டாக்டரும் வராரு" என்று ஆபீஸ் போனில் சொன்னாள்.

"அவரு எதுக்கு?"

"அவருதான் தலைவர். வரமாட்டாரா?"

மேனேஜரிடம் பெர்மிஷன் வாங்கினேன். சிரம்பானுக்குப் போய்ப் புதுச் சட்டை ஒன்று வாங்கினேன். சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிரஸ்ஸர் சம்சாரத்திடம் கோழி சொல்லிவிட்டு, அவர் மீனும் வைக்கட்டுமா என்று கேட்டபோது, "எதுக்குக்கா அந்தாளுக்கு இம்புட்டு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மீனையும் வைத்தார்.

புதன்கிழமை காலை ஆபீஸ் வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. ஓட்டியவர் டாக்டர். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய பெண்ணை முதலில் நான் யார் என்று பார்த்தேன். முழுக்கால் சிலுவார், முட்டிவரை பூட்ஸ், தலையில் தொப்பி. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். என் மனைவியை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. அந்த உடுப்பெல்லாம் கோலாலம்பூர் அறையில் எந்த அலமாரியில் இருந்தது, எத்தனை நாளாக இருந்தது? துணி பழசாகி, முட்டியில் வெளுத்திருந்தது. அவ்வளவு நாளாக அவர் பார்த்த ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

டாக்டர் உயரமானவர். காதோரம் நரை. கையை நீட்டினார்.

"வணக்கம். உங்களைப் பற்றி இவர் நிறையச் சொல்லியிருக்கிறார். ஸ்கூலில நீங்கள்தான் முதலாமாம்."

இதை எதற்கு இவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அதுவும் ஆத்திரமாக வந்தது.

ஆபீஸ் மேசையில் படத்தை விரித்தார்கள். அதே படத்தில் எங்கள் பக்கத்தை மட்டும் பெரிதாக்கியது. குனிந்து நின்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அவர் அவளை "நீர்" என்று சொன்னார். "நீர் சொல்லும்", "நீர் பாரும்". எங்கள் தோட்டத்துத் தமிழில் நீ இருக்கிறது, நீங்க இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. அதில் மரியாதையும் இருந்தது, நெருக்கமும் இருந்தது. என் மனைவிக்குக் கொடுக்க என்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

அவள் ஓர் இடத்தில் பென்சிலை வைத்தாள். பழைய மரங்கள் உள்ள பகுதியைத் தாண்டி, எங்கள் எல்லை ஓரத்தில், குன்றுக்குப் பின்னால். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் புள்ளி.

"இதுதான். இதுக்கு மேப்புல பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. "அங்க தண்ணி கெடையாது" என்றேன்.

"என்னாங்க?"

"கெடையாது. சின்ன வயசுலேருந்து இந்தத் தோட்டத்துல இருக்கேன். அந்தப் பக்கம் லாலாங் புல்லு, அப்புறம் பெலுக்கார் காடு. தண்ணி ஒண்ணும் இல்ல. வீணா நடக்க வேணாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் சொல்லுறதும் சரியாயிருக்கலாம். மேகத்தின்ட நிழலும் இப்படிக் கறுப்பாத்தான் விழும்."

அவர் என் பக்கம் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி தலையை ஆட்டினாள்.

"இல்ல டாக்டர். நெழல்னா அதுக்கு மேகம் வேணும். படம் எடுத்தது காலையில. சூரியன் கெழக்க இருக்கு, நெழல் மேகத்துக்கு மேக்கதான் விழும். இந்தா பாருங்க, இங்க மேகம், அதுக்கு மேக்க நெழல். இங்க மேகம், அதுக்கு நெழல். இந்தப் புள்ளிக்குக் கெழக்க என்னா இருக்கு? ஒண்ணும் இல்ல. இது தண்ணிதான்."

"ஆள் அங்கயே இருக்கிறாரே. பார்க்காமலா இருப்பார்?"

"அவர் பாக்கல. அவ்வளவுதான்."

எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாள். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களோ, நாள் முழுக்க இப்படித்தான் என்னோட சண்டை" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வீட்டில் என்னோடு சண்டை போட்டு நாளாகிவிட்டது. சனிக்கிழமை வந்து, துணி துவைத்து, தூங்கி, திங்கட்கிழமை போகிறவளுக்கு என்னோடு சண்டை போட நேரம் ஏது? அவள் வாதாடும் முகத்தை ஒருகாலத்தில் பஸ்ஸில் நான் தினமும் பார்த்திருக்கிறேன். இப்போது அது அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

நடந்தோம். சருகு காலடியில் நொறுங்கியது. வறட்சியில் அட்டை கூட இல்லை. ரப்பர் முடிந்து லாலாங் வந்தது, இடுப்பளவு. அதைத் தாண்டி முள்ளும் கொடியுமாகக் காடு. நான் முன்னால் போய்ப் பாராங் கத்தியால் வெட்டி வழி விட்டேன். 'பாரு, ஒண்ணும் இல்ல' என்று திரும்பிச் சொல்வதற்கு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். குன்றைச் சுற்றி இறங்கியதும் காற்று சட்டென்று குளிர்ந்தது.

குட்டை அங்கே இருந்தது.

எங்கள் ஆபீஸ் கட்டடம் மாதிரி பல கட்டடங்களை உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரியது. சுற்றிலும் வெள்ளை மணல், நடுவில் கரும்பச்சைத் தண்ணீர். எப்போதோ ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப் போன பள்ளம், மழைத் தண்ணீர் நிறைந்து நின்றது. அந்த வறட்சியிலும் கரையில் ஒரு முழம்தான் இறங்கியிருந்தது. அதைவிட என்னை அடித்தது வேறொன்று. கரையில் ஒரு பலகை தண்ணீருக்குள் நீட்டிப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் தூண்டில் குச்சிகள், நெருப்பு மூட்டிய சாம்பல், உட்காருவதற்குப் புரட்டிப் போட்ட பழைய பால் வாளி. எங்கள் தோட்டத்து வாளிதான். லயத்தில் எல்லாருக்கும் இந்த இடம் தெரிந்திருக்கிறது. வேலை நாளில் மீன் பிடிக்க வருகிறவர்கள் கிராணியிடமா சொல்வார்கள்?

என் மனைவி 'நான் சொன்னேன்ல' என்று ஒரு பார்வையாவது பார்த்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அவள் முகம் முழுக்கத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவளைப் பெண் கேட்டுப் போன அன்றுகூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். நுனியைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "டாக்டர், டேப்!"

நான் பக்கத்தில்தான் நின்றேன், கைக்கெட்டும் தூரத்தில். டாக்டர் நாலு எட்டு தள்ளி இருந்தார். அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் பேச்சில்லாமல் வேலை செய்தார்கள். அவள் நின்றால் அவர் நடந்தார், அவர் நின்றால் அவள் எழுதினாள். நன்றாகப் பழகின இரட்டை மாடு மாதிரி. நான் அந்தப் பால் வாளியின் மேல் உட்கார்ந்து புதுச் சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு வைத்திருந்தாள். பலகை நுனிவரை போய் விட்டுப் பார்த்தாள். "இன்னும் உள்ள போனாத்தான் தெரியும். அடுத்த தடவ ரப்பர் போட் கொண்டாரணும்" என்றாள்.

"நான் எறங்குறேன்" என்றேன்.

"வேணாம்ங்க."

"குச்சிய ஊனிக்கிட்டுப் போனா ஆழம் தெரிஞ்சிரப்போவுது."

"என்னாங்க, வேணாம்! ஈயம் தோண்டுன லொம்போங் குட்டை. கரையிலேருந்து திடீர்னு கீழ போயிரும்!"

அவள் சொல்லி முடிக்கும்போது நான் தண்ணீருக்குள் இருந்தேன், பாலிஷ் போட்ட சப்பாத்தோடு. நாலு எட்டு வைத்தேன். முட்டி, தொடை. அவள் கத்துவது கேட்டது. என்னைப் பார்த்துத்தான் கத்துகிறாள் என்பதில் ஒரு திருப்தி வந்தது. அடுத்த எட்டுக்குத் தரை இல்லை.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் சப்பாத்துக்குத் தெரியவில்லை. தண்ணீர் மேலே வெயில் சூடு, கீழே ஐஸ். மூக்கில் வாயில் எல்லாம் போனது. என் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். மணலில் கிடந்து இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது டாக்டர் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போய்விட்டது.

"பயப்பிடாதேங்கோ. ஒண்டும் இல்லை" என்றார்.

என் மனைவி தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் உடுப்பும் நனைந்துவிட்டதால் என் சாரோங்கையும் தீபாவளிச் சட்டையையும் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? அந்தச் சட்டை எனக்குத் தோளில் தொங்கும். அவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. டிரஸ்ஸர் சம்சாரத்தின் மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். என் மகள் போய் அவர் மடியில் உட்கார்ந்து, கண்ணாடி எங்கே என்று கேட்டாள். "குட்டையில ஒரு மீன் போட்டுக்கொண்டு திரியுது" என்றார். மகள் சிரித்த சிரிப்பு! அந்த மனிதரை வெறுக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு, பின்பக்கம் வாளித் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றி அவள் என் சப்பாத்தின் சேற்றைக் கழுவினாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு கேள்வி கேக்குறேன். நேரா சொல்லணும்" என்றாள். "ஒங்களுக்கு அவர் மேல பொறாமையா, என் மேல பொறாமையா?"

எனக்குத் தெரியாத கேள்வி இல்லை. "ரெண்டு பேர் மேலயும்" என்றேன்.

அவள் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவர் மேலன்னா, அத விட்டுருங்க. அதுல ஒண்ணும் இல்ல. நானும் அவரும் தண்ணியப் பத்தி மட்டுந்தான் பேசுவோம். ஒங்களுக்கு அது நம்புறதுக்குக் கஷ்டம், ஆனா அதான் நெஜம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "என் மேலன்னா, அத விடச் சொல்ல மாட்டேன். அது நியாயம்தான். ஒங்கப்பா விழலன்னா நீங்கதான் இந்தப் பூட்ஸ போட்டிருப்பீங்க. நான் அத மறக்கல. ஆனா அதுக்காக நான் கழட்டிக் குடுக்கவும் மாட்டேன்."

அதுவரை எனக்கு அவ்வளவு நேராக யாரும் எதையும் சொன்னதில்லை. ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவள் சொன்னது சரி என்பது இன்னும் கொஞ்சம் எரிந்தது. ஆனால் பசித்தது. போய் மிச்சமிருந்த குழம்பில் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

குட்டைத் தண்ணீரைச் சோதித்து, குடிக்க வேண்டாம், துவைக்கவும் குளிக்கவும் ஆகும் என்று அவள் ஆபீஸ் எழுதிக் கொடுத்தது. மேனேஜர் பம்பு வைத்து லயத்துக்குக் குழாய் போட்டார். மழை வரும்வரை அதில்தான் தோட்டம் ஓடியது. லயத்துப் பெண்கள் என்னிடம் வந்து, "ஒங்க வீட்டுக்காரம்மா மகராசி" என்றார்கள். நான் தலையாட்டினேன். மீன் பிடிப்பவர்கள் மட்டும் சில மாதம் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த வேலை நல்ல பெயர் வாங்கியது. ஐரோப்பாவில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு படிப்பு, இந்தத் துணைக்கோளத் தண்ணீர் விஷயமே, அதற்கு அவளை அனுப்பும் வாய்ப்பு வந்தது. டாக்டர் ராசாவிலுள்ள தன் பழைய வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"நீங்கள் ஓமெண்டாத்தான் நான் இவரின்ட பேரைக் குடுப்பன்" என்று என்னிடம் சொன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் டீக் கோப்பையை மேசையில் வைத்தாள், கொஞ்சம் சத்தமாகவே. "ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? என் பேர நான் குடுக்குறேன் டாக்டர். இவர்கிட்ட நான் கேப்பேன். நீங்க கேக்க வேணாம்."

டாக்டர் முகம் சிவந்தது. முதல் தடவையாக அவர் திட்டு வாங்கி நான் பார்த்தேன். எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அவள் கேட்டபோது போ என்றுதான் சொன்னேன். மகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் இல்லாத மாதங்களில் எனக்கு எல்லாவற்றின் மேலும் பொறாமை வந்தது. அவள் போனில் சொன்ன பனி மேல், சைக்கிளில் போகும் கால்வாய்க் கரை மேல், ஒரே மேசையில் படம் பார்க்கும் கென்யாக்காரர் மேல், அவள் நின்று பேசிய போன் பெட்டி மேல்கூட. குட்டையின் நீர்மட்டம் பார்க்க அவள் ஆபீஸிலிருந்து ஆள் வருவார். சில தடவை டாக்டரே வந்தார். ஒருநாள் நானும் அவரும் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"உம்மட மனுசி என்னைத் தாண்டிப் போயிடுவா" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் எரியுது. இதை என்ர வீட்டில சொல்ல ஏலாது. உமக்கு விளங்கும் எண்டுதான் சொல்லுறன்."

என்னை 'உமக்கு' என்று சொல்லிவிட்டார். நான் தூண்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது.

அவள் திரும்பி வந்தாள். அவர் சொன்னபடியே மேலே போனாள். தொண்ணூறுகளில் அம்பாங்கானில் வீடு வாங்கினோம். நான் தோட்டத்தை விட்டு ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். டாக்டர் ஓய்வு வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் மகனிடம் போய்விட்டார். அவர் இடத்துக்கு அவளே வந்தாள்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மண்டபத்தில் அவள் பேசினாள். மேகத்தைத் துளைத்துப் பார்க்கிற ரேடார் படம் புதிதாக வந்திருந்தது, அதைப் பற்றி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடிந்ததும் பலர் எழுந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் முகம் கொடுத்துப் பதில் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. நானும் கையைத் தூக்கினேன். மைக் வந்தது.

தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தால் படத்தில் அது செடியாகத்தானே தெரியும், அப்படி எத்தனை குட்டைகளை விட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். என் இங்கிலீஷ் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை.

"நல்ல கேள்வி, சார். எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது" என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, ரேடார் எதைக் காட்டும், எதைக் காட்டாது, ஏன் என்று நீளமாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். நீலாய் தாண்டும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"நான் சொன்ன பதில் புரிஞ்சுச்சா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது இல்ல. நீங்க தப்பா புரிஞ்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. நான் புரிந்துகொண்டதுதான் சரி என்றேன். அவள் குரல் ஏறியது. சிரம்பான் டோல் வரும்வரை சண்டை போட்டோம்.